ஒரு வருஷம் விடலாமா? பி.டி.எஸ். பற்றிச் சில கேள்விகள்

நீட் முடிவு வந்த வாரத்தில் என் கிளினிக்குக்குப் பல்வலியோடு வருபவர்களைவிட, "பிள்ளையை பி.டி.எஸ். (பல் மருத்துவப் படிப்பு) சேர்க்கலாமா, ஒரு வருஷம் விட்டு மறுபடி எழுத வைக்கலாமா?" என்று கேட்டு வருபவர்கள்தான் அதிகம். நானும் ஒரு வருஷம் வீட்டில் இருந்து படித்துவிட்டுச் சேர்ந்தவள்தான். கேட்டவற்றில் சில:

பயாலஜி பரவாயில்லை, பிசிக்ஸில் விழுந்துவிட்டேன். மறுபடி எழுதினால் அரசுக் கல்லூரி கிடைக்குமா, அக்கா? (பெரம்பூர் தம்பி)

ஜோசியம் எனக்குத் தெரியாது. உன் ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் விடைக்குறிப்பையும் எடுத்து வைத்து, மதிப்பெண் போன கேள்விகளைப் பிரித்துப் பார்: தெரியாதவை, தெரிந்தும் தப்பியவை, குத்துமதிப்பாக அடித்தவை. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண் கழியும். 180 கேள்விகளில் 30-ஐக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துத் தப்பாகியிருந்தால், சும்மா விட்டிருந்தாலே 30 மதிப்பெண் கூடியிருக்கும். ஓட்டை எங்கே என்று தெரிந்தால் அடைக்க ஒரு வருஷம் போதும். பிசிக்ஸின் 45 கேள்விகளில் பாதி புரியவே இல்லை என்றால், அதே டியூஷனில் அதே நோட்டோடு போய் உட்காராதே.

நான் அரசுப் பள்ளி மாணவன். ஒரு வருஷம் விட்டால் 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடுமா?

போகாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதனால் பி.டி.எஸ். இடம் கையில் வந்திருந்தால், "தனியார்தானே" என்று விடாதே.

பி.டி.எஸ். சேர்ந்துகொண்டே எம்.பி.பி.எஸ்.ஸுக்காக மறுபடி எழுதலாமா?

நிறையப் பேர் இப்படித்தான் திட்டம் போடுகிறார்கள். முதல் வருஷமே உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் உண்டு. அதோடு மெழுகு. கட்டை மெழுகை லெக்ரான் கத்தியால் செதுக்கிக் கோரைப்பல் கொண்டுவர வேண்டும். நாலு பக்கமும் அளவு சரியாக வந்த பிறகு, முனையைச் சீவும்போது பொட்டென்று உடையும். சென்னை மே மாதத்தில் மெழுகு கையிலேயே இளகும். மெழுகுத் தூள் செருப்பில் ஒட்டி விடுதி வரை வரும். இதற்கு நடுவில் இரவு பதினொன்றுக்கு நீட் புத்தகத்தைத் திறந்த என் வகுப்புத் தோழி இரண்டிலும் திண்டாடினாள். மனசு எம்.பி.பி.எஸ்.ஸில்தான் என்றால், சேருமுன் யோசி. நடுவில் விட்டுப் போனால் கட்டவேண்டிய தொகையைப் பற்றிக் கலந்தாய்வு விவரக்குறிப்பில் இருக்கும், படித்துவிடு.

பெண் ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் சோர்ந்துவிடுவாளோ, டாக்டர்? (தாம்பரத்திலிருந்து ஒரு அம்மா)

படிப்பு சோர்வைத் தராதும்மா, கல்யாண வீடுகள்தான் தரும். "இப்போ என்ன பண்றே?" என்று பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர் வரை என்னைக் கேட்டார்கள். அந்த வருஷம் அவளை விசேஷங்களுக்கு வற்புறுத்தாதீர்கள். வயசைப் பற்றிக் கவலை வேண்டாம். இதுவரை எந்த நோயாளியும் நான் எத்தனை வயதில் கல்லூரி சேர்ந்தேன் என்று கேட்டதில்லை.

இடம் கிடைத்துவிட்டது. களைப்பாக இருக்கிறது, அடுத்த வருஷம் சேரலாமா?

முடியாது. இந்த வருஷ மதிப்பெண் இந்த வருஷச் சேர்க்கைக்கு மட்டும்தான். உங்களுக்காக இடத்தை நிறுத்தி வைக்க மாட்டார்கள். மறுபடி தேர்வு, மறுபடி கலந்தாய்வு.

பல் மருத்துவம் எனக்குப் பிடிக்குமா என்றே தெரியவில்லையே?

அப்படியானால் கோச்சிங் பணம் கட்டுவதற்கு முன், தெரிந்த பல் டாக்டரிடம் அனுமதி கேட்டு ஒரு வாரம் ஓரமாக நில். கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவமனையில் காலை ஓ.பி. வரிசையையும் ஒரு நாள் பார்த்துவிட்டு வா. படிப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்து ஐந்து வருஷம், அதற்குப் பிறகும் இதே வேலைதான். பல் பிடுங்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்காதே, டாக்டரின் கழுத்தையும் முதுகையும் பார்.