ரிவ்யூவுக்கு முன் எழுத வேண்டிய பட்டியல்

அன்புள்ள மாணவிக்கு,

கல்லூரி புராஜெக்ட்டுக்கான நான்கு பேர் குழுவில் எல்லா வேலையும் உங்கள் தலையில்தான் விழுகிறது, அப்பா வேறு "புராஜெக்ட் என்ன ஆச்சு?" என்று தினமும் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ரிவ்யூவுக்கு, அதாவது ஆசிரியர்கள் புராஜெக்ட்டைப் பார்த்து மதிப்பிடும் நாளுக்கு, முன் முடிக்க வேண்டியவை என்று நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். "சென்சார், ஆப், ரிப்போர்ட், பிபிடி" என்று நாலே வரி. "சென்சார் முடிந்ததா?" என்று கேட்டால் ஒருவர் முடிந்தது என்பார், இன்னொருவர் பாதி என்பார். குழுவில் சண்டை வருவதே இங்கேதான். ஆமாம், இல்லை என்று மட்டுமே பதில் சொல்லும்படி ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

உங்களுடையது மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாக மோட்டார் போடும் சொட்டுநீர்ப் பாசனம்; அதை இயக்குவது இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள சிறிய கன்ட்ரோலர் போர்டு. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். காய்ந்த மண்ணில் ஒரு அளவும் நனைந்த மண்ணில் ஒரு அளவும் எடுத்துக் குறித்தாகிவிட்டதா? சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி பின்கள் போர்டில் இரண்டு வகை; உங்கள் சென்சார் ஏடிசி-1 பின்னில் இருக்கிறதா? இந்த போர்டில் வைஃபை ஓடும்போது ஏடிசி-2 பின்களை நம்ப முடியாது. தனியாகச் சோதிக்கும்போது ஒழுங்காக வந்த அளவு, ஆப்போடு இணைத்ததும் வராமல் போனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்து, செல்போன் ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா? 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் போர்டுக்கு அது தெரியவே தெரியாது. ரிவ்யூ பேனல் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

அதற்காக எல்லாவற்றையும் எழுதிக் குவிக்கவும் வேண்டாம். 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஓஹியோவில் போயிங் மாடல் 299 விமானம் சோதனை ஓட்டத்தில் கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது. ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். தரையில் நிற்கும்போது விமானத்தின் அசையும் பாகங்களைக் காற்று ஆட்டாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்காகக் கொண்டுவந்த பட்டியலில் 19 வரிகள்தான். தெரிந்தவர்களும் அவசரத்தில் விட்டுவிடக்கூடியது எதுவோ அதை மட்டும் எழுதினால் போதும். ஒரு ரிவ்யூவுக்கு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே ஒரு பெயர், ஒரு தேதி. "எல்லோரும்" என்று போட்டால் கடைசியில் அது உங்கள் வேலையாகத்தான் முடியும். பெயரை நீங்களாகப் போடாமல் அவரவரையே எழுதச் சொல்லுங்கள்.

பெரும்பாலான மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: அடுத்தவர் கையில் இருக்கும் வேலைகள். கூரியரில் வர வேண்டிய பார்ட்ஸ், கைடு, அதாவது வழிகாட்டும் ஆசிரியர், திருத்தித் தர வேண்டிய ரிப்போர்ட், புராஜெக்ட் உங்களுடையதுதான் என்று சான்று தரும் போனஃபைடு பக்கத்தில் எச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்து, பைண்டிங் கடை. ராத்திரி முழுக்கக் கண்விழித்தாலும் இவற்றை உங்களால் முடிக்க முடியாது. அதனால் தேதிகளை வைவா (கடைசி வாய்மொழித் தேர்வு) நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கைடுக்குத் தேர்வு டியூட்டி வரும், விடுப்பும் வரும். திருத்தத்துக்கு அவருக்கு ஒரு வாரமாவது கொடுங்கள். பைண்டிங் கடையில் கடைசி நேரத்தில் எல்லாக் குழுவும் வந்து நிற்கும்.

எழுதிய பட்டியலின் ஒரு நகலை அப்பாவிடம் கொடுங்கள். எது முடிந்தது, எது யாரிடம் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தால் அவருக்குப் பாதிக் கவலை தீரும். உங்களிடமும் அது பத்திரமாக இருக்கட்டும். கேம்பஸ் நேர்காணலில் "இந்த புராஜெக்ட்டில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்போது, பெயரும் தேதியும் போட்ட அந்தத் தாளிலிருந்தே தெளிவாகப் பதில் சொல்லலாம்.

புராஜெக்ட் மேனேஜ்மென்ட் துறைக்கு வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வரலாம். இந்தத் துறைக்கான பிஎம்ஐ என்ற சர்வதேச அமைப்பு நடத்தும், தொடக்கநிலைச் சான்றிதழுக்கான சிஏபிஎம் தேர்வுக்கு வேலை அனுபவம் தேவையில்லை, 23 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஆனால் அதை வைவா முடிந்த பிறகு தொடங்குங்கள். இந்த வாரமே நால்வரும் உட்கார்ந்து முதல் ரிவ்யூவுக்கான பட்டியலை எழுதி எனக்கு அனுப்புங்கள். தேதிகள் ஒத்துவருமா என்று பார்த்துச் சொல்கிறேன்.