கேட்டதும் சொன்னதும்: போக்கிமான்

கேள்வி: சின்ன வயதில் போக்கிமான் ரெட் வீடியோ கேமை ஆடித் தீர்த்தவன் நான். இப்போது மகள் அதே வரிசையில் வந்த ஸ்கார்லெட் ஆடுகிறாள். 'ஒரு அலகசாம் இருந்தால் போதுமே' என்றால் சிரிக்கிறாள். அவ்வளவா மாறிவிட்டது?

பதில்: அவள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. 1996-ல் வந்த முதல் தலைமுறை ஆட்டங்களில் சைக்கிக் டைப், அதாவது அலகசாம் போன்ற மனோசக்திப் போக்கிமான்களின் வகை, வைத்ததுதான் சட்டம். பூச்சி டைப்புக்கும் பேய் டைப்புக்கும்தான் அது பயப்படும் என்று ஆட்டத்துக்குள்ளேயே ஒருவர் சொல்வார். நம்பிப் போனால், பூச்சி மூவ்களில் (சண்டையில் போடும் வித்தைகளில்) வலு இருக்காது. பேய் மூவோ ஒரு புரோகிராம் பிழையால் சைக்கிக்கைத் தொடவே தொடாது! போதாததற்கு, அடிக்கவும் தாங்கவும் 'ஸ்பெஷல்' என்று ஒரே எண். அலகசாமுக்கு அது 135. 1999-ல் கோல்டு, சில்வர் ஆட்டங்கள் வந்தபோது அதை இரண்டாகப் பிரித்தார்கள். அடிக்கும் எண் 135-லேயே நின்றது, தாங்கும் எண் 85 ஆனது. கூடவே டார்க் டைப் வந்தது. அதனிடம் சைக்கிக் மூவ் பலிக்காது.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய மாற்றம் 2006-ல் டைமண்ட், பேர்ல் என்ற நான்காம் தலைமுறை ஆட்டங்களில் நடந்ததுதான். திரையைப் பார்த்தால் தெரியாது. அதுவரை ஒரு மூவ் அட்டாக், ஸ்பெஷல் அட்டாக் இரண்டில் எந்த எண்ணை வைத்து அடிக்கும் என்பதை அதன் டைப்பே முடிவு செய்தது. தண்ணீர் மூவ் என்றால் எல்லாமே ஸ்பெஷல். தண்ணீர்ப் போக்கிமான் கியாரடோஸை எடுத்துக்கொள்ளுங்கள்: அட்டாக் 125, ஸ்பெஷல் அட்டாக் வெறும் 60. அவ்வளவு பெரிய உடம்போடு மோதுகிற வாட்டர்ஃபால் மூவுக்கும் கணக்கு அந்த 60-ல்தான். பேய்ப் போக்கிமான் கெங்காருக்கு நேர் எதிர். ஸ்பெஷல் அட்டாக் 130 இருந்தும், பேய் டைப் என்ற ஒரே காரணத்தால் ஷேடோ பால் என்ற மூவ் அதன் 65 அட்டாக்கில் போய் விழுந்தது. நான்காம் தலைமுறையில்தான் மூவுக்கு மூவ் தனியாக முடிவு செய்தார்கள். இரண்டுக்கும் விடிவு பிறந்தது. பின்னால் வந்த, சண்டையில் உருவத்தையோ டைப்பையோ மாற்றும் மெகா எவல்யூஷன், டெராஸ்டல் எல்லாம் அதன்மேல் பூட்டிய நகைதான் என்பேன்.

கேள்வி: எல்லாப் போக்கிமானும் புதிய ஆட்டங்களில் இல்லையே, இது அநியாயம் இல்லையா?

பதில்: 2019-ல் ஸ்வோர்டு, ஷீல்டு வந்ததிலிருந்து இந்தப் புலம்பல் ஓயவில்லை. எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் 2002-ல் ரூபி, சஃபையர் வந்தபோது பழைய ஆட்டத்திலிருந்து ஒன்றைக்கூடக் கொண்டுவர வழியில்லை. இப்போது ஆயிரத்தைத் தாண்டிய கூட்டம். அத்தனைக்கும் உருவம், அசைவு, சண்டைக் கணக்கு பார்ப்பது லேசில்லை.

கேள்வி: வழியில் வரும் தடைகளைத் தாண்ட உதவிய ஹெச்எம் மூவ்களை நீக்கியது சரிதானா?

பதில்: நூற்றுக்கு நூறு சரி. ஒரு போக்கிமானுக்கு நாலே மூவ். அதில் ஒன்று புதர் வெட்டும் 'கட்'. முதல் தலைமுறையில் அதை மறக்கவைக்கவும் வழி கிடையாது. டைமண்ட் ஆடியவர்கள் அணியில் பிபாரல் என்ற போக்கிமான் எதற்கு இருந்தது என்று நினைக்கிறீர்கள்? பாறை ஏற, கடல் கடக்க. பாவம், சண்டைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. 2016-ல் சன், மூன் அந்த வேலையைச் சவாரிப் போக்கிமான்களிடம் கொடுத்துவிட்டது.