சாமுராய் சுடோகு: நடுச் சதுரத்தைத் திறப்பது எப்படி?

கேள்வி: ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரியில் வீட்டைவிட்டு நகர முடிவதில்லை. சாதாரண சுடோகுவைத் தடங்கலின்றி முடித்துவிடுகிறேன். ஐந்து சதுரங்கள் பின்னிய சாமுராய் சுடோகுவில் மட்டும் நான்கு மூலைகளும் பாதியில் நின்றுவிடுகின்றன. நடுச் சதுரத்தை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மூலைகள் பாதியில் நிற்பது உங்கள் குறையல்ல. தனிச் சுடோகுவுக்கு ஒரே விடை அமையக் குறைந்தது 17 எண்கள் கொடுத்திருக்க வேண்டும் என்று அயர்லாந்துக் கணிதவியலாளர் கேரி மெக்குவயர் குழுவினர் 2012-இல் கணினியால் நிறுவினார்கள். சாமுராயின் ஒவ்வொரு சதுரத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. பக்கத்துச் சதுரம் கைகொடுத்தால்தான் பல மூலைகள் நகரும். நடுச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் உள்ள 3×3 பெட்டிகள் பக்கத்து மூலைச் சதுரங்களுக்கும் சொந்தம். அதாவது அதன் 81 கட்டங்களில் 36 பொதுவானவை. திறவுகோல் அங்கேதான் இருக்கிறது.

மேல் இடது சதுரத்தின் ஏழாவது வரிசையைப் பாருங்கள். இடப்பக்கம் ஆறு கட்டங்கள், பிறகு பொதுப் பெட்டியின் மூன்று. அதே கோட்டில் தொடர்ந்தால் நடுச் சதுரத்தின் மற்ற ஆறு. பொதுவான மூன்றில் இல்லாத எண்கள்தாம் இரு பக்கமும் வரவேண்டும். எனவே இடப்பக்க ஆறும் வலப்பக்க ஆறும் ஒரே எண்கள். அடுக்கு மட்டும் மாறும். இடப்பக்கம் 8 இருந்தால் வலப்பக்கம் வராது என்று பலர் அழித்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே 8 வந்தே தீரவேண்டும்!

இதன் பலன் பெரிது. இடப்பக்க ஆறில் 8 இருக்கிறது. நடுச் சதுரத்தின் மேல் நடுப் பெட்டியில் வேறொரு வரிசையில் ஏற்கெனவே 8 உண்டு. அப்படியானால் நம் வரிசையின் 8 வலக்கோடிப் பொதுப் பெட்டிக்குத்தான் போகவேண்டும். அது மேல் வலது சதுரத்துக்கும் சொந்தமான பெட்டி. மேல் இடது சதுரத்தில் இருந்த ஓர் எண், தொடவே தொடாத மேல் வலது சதுரத்தில் மூன்று கட்டங்களுக்குள் அடைபட்டுவிட்டது. எனக்கு இந்தப் புதிரில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மேலிருந்து கீழாகவும் இதே கணக்குச் செல்லும்.

ஆகவே ஒரு மூலையை முடித்தே தீருவேன் என்று உட்காராதீர்கள். பொதுப் பெட்டியில் ஓர் எண் விழுந்ததும் இரு சதுரங்களையும் பாருங்கள். ஊகித்து எழுதவே வேண்டாம். தவறு பல சதுரங்களுக்குப் பரவிய பிறகே தெரியவரும்.

மழைக்காலத்தில் ஈரம் ஏறிய செய்தித்தாள் அழிப்பான் பட்டதும் கிழியும். ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பெரிதாக்கி, 2பி பென்சிலால் எழுதுங்கள். ஒரு பெட்டியில் ஓர் எண்ணுக்கு இரண்டே இடம் மிஞ்சும்போது மட்டும் சிறு குறிப்பு போடுங்கள்.