மரபு நடை: பாலத்திலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருநெல்வேலி டவுனில் நடந்த ஒரு மரபு நடைக்குக் கூட்டிப்போனேன். மூன்று மணி நேரத்தில் பதினோரு இடம். வழிகாட்டி நன்றாகத்தான் பேசினார். ஆனால் பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்க்க வேண்டியதாயிற்று. திரும்பும்போது ஒருத்தி, "டீச்சர், இதெல்லாம் நாம பஸ்ல போகும்போது பார்க்கிறதுதானே?" என்றாள். அடுத்த முறை நானே கூட்டிப்போகலாமா என்று யோசிக்கிறேன். நான் வரலாறு படித்தவள் இல்லை. எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள டீச்சருக்கு,

தாராளமாகக் கூட்டிப்போங்கள். அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படாததைக் காட்ட வேண்டுமென்றால் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். பதினோரு இடம் வேண்டாம், ஐந்து போதும்.

காலை ஆறு மணிக்குக் கொக்கிரகுளத்தில், சுலோசன முதலியார் பாலத்தில் தொடங்குங்கள். பாளையங்கோட்டை ஒரு கரை, டவுன் மறு கரை, நடுவில் தாமிரபரணி. பாலம் வருமுன் படகுதான். வெள்ளம் வந்தால் அந்தந்தக் கரைக்காரர் அங்கங்கேயே கிடக்க வேண்டியதுதான். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. சொல்லி முடித்ததும் நகர்ந்துவிடாதீர்கள். கரையில் இறங்கி, வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். மேலே போகிறவர்களுக்குக் கைப்பிடிச்சுவர் மட்டும்தானே தெரிகிறது.

அப்புறம் குறுக்குத்துறை. கொஞ்சம் தூரம்தான், வேன் வைத்துக்கொள்ளலாம். ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது முருகன் கோயில். வெள்ளம் ஏறும்போது உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். தண்ணீர் வடிந்ததும் சகதியை அள்ளிக் கழுவிவிட்டு மறுபடி பூசை. 2023 டிசம்பர் வெள்ளத்தை உங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்த்தவர்கள். அன்றைக்கு அவரவர் தெருவில் எதுவரை தண்ணீர் நின்றது என்று அந்தப் படித்துறையில் உட்காரவைத்துக் கேளுங்கள். வரலாறு படிக்காதவள் என்கிறீர்களே, அங்கே அவர்கள் பேசட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டால் போதும்.

மூன்றாவது, ரதவீதிகளை ஒட்டிய தெருக்கள். நிறைய நேரம் இங்கேதான் வேண்டும். என் அத்தை வீடு ஒரு வளவில் இருந்தது. தெருவிலிருந்து ஒடுக்கமான நடை, உள்ளே எதிரும் புதிருமாக ஆறேழு வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. வீட்டுக்கு முன்னால் தார்சா என்கிற முன்கட்டு, அதற்கு மர அழி, அதாவது கம்பித் தடுப்பு மாதிரி மரச்சட்டங்கள். உட்கார்ந்து பேசுகிறவர்கள் தலைசாய்த்துச் சாய்த்து, தோள் உயரத்தில் அழிக்கட்டை மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்துப் பளபளவென்று இருக்கும். புது ஆள் யார் நுழைந்தாலும், "யாரத் தேடுதிய?" என்று உள்ளேயிருந்து ஒரு ஆச்சியின் குரல் வரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் நாளே போய் வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிடுங்கள். நான் கலந்துகொண்ட ஒரு நடையில் இருபது பேர் கேமராவோடு ஒரு வளவுக்குள் நுழைந்துவிட்டோம். தார்சாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆச்சி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே எழுந்து போனார். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆள் குடியிருக்கிற வீடு, பொருட்காட்சி இல்லை.

நான்காவது, பாரதி படித்த ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளி. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12-இல் கைதானார்கள். மறுநாள் டவுன் கொதித்தது. கடைகள் அடைத்தார்கள், மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். பள்ளிக்கூட வாசலில் வைத்து இதைச் சொல்லுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புரியும்.

கடைசியாக நெல்லையப்பர் கோயில். இசைத்தூண்களை யாரும் தட்டக் கூடாது. தட்டித் தட்டித்தான் தேய்கின்றன. வேதசர்மா காயப்போட்ட நெல்லை மழையில் நனையாமல் இறைவன் வேலியிட்டுக் காத்த கதையைக் கதையாகவே சொல்லுங்கள், அழகான கதை. சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியதை வரலாறாகச் சொல்லுங்கள். இரண்டையும் குழப்பினால் பிள்ளைகள் பின்னால் எதையுமே நம்ப மாட்டார்கள்.

அல்வாக்கடையை இந்த முறை விட்டுவிடலாம். பாளையங்கோட்டைக்கு வேறொரு நாள் வையுங்கள். தினமும் கடந்துபோகிற மேடைக் காவல் நிலையம் பழைய கோட்டை வாசல் என்பதும், அந்தக் கோட்டைச் சிறையிலிருந்துதான் 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பினார் என்பதும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு வேலை கொடுங்கள். தார்சா, பட்டாசல் (கூடம்), அழி, மச்சு (மாடி அறை), தட்டட்டி (மொட்டை மாடி). இதில் எதெல்லாம் தங்கள் ஆச்சி வீட்டில் இருந்தது என்று கேட்டு எழுதி வரட்டும்.

தேதி எழுதுங்கள். ஆறு மணிக்குப் பாலத்தில் நிற்கிறேன்.