நெடியும் வீரியமும்

அன்புள்ள ஐயா,

ஊரடங்கு காலத் தூய்மைப் பணியாளர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2020 மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையை மூடியதும் அங்கே மூட்டை தூக்கியவர்கள் ஊர் திரும்ப, கடலூர் மாவட்டத்தில் கொரோனா தொற்று மளமளவென ஏறியது. எங்கள் தெருவில் பிளீச்சிங் தண்ணீர் அடித்தார்கள். ஒருநாள் மூக்கை எரிக்கும். மறுநாள் சுண்ணாம்புத் தண்ணீர்போல இருக்கும். ஒப்புக்கு அடித்தார்கள் என்று அப்பா இன்றும் சொல்கிறார். நிஜமா?

ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

அடித்தவரைக் குறை சொல்லும் முன் பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பாருங்கள். புதுப் பவுடரில் குளோரின் சுமார் 33 சதவீதம். ஒரு சதவீதக் கரைசலுக்கு லிட்டருக்கு 30 கிராம். 16 லிட்டர் முதுகு ஸ்பிரேயருக்கு ஏறக்குறைய அரை கிலோ. பிரித்த மூட்டை உங்கள் ஊர்க் கடல்காற்றில் கிடந்தால் ஈரம் கோத்துக் கட்டிதட்டும், குளோரின் பறந்துவிடும். 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் லிட்டருக்கு 50 கிராம் வேண்டும். தராசு இல்லாமல் டப்பாவில் அள்ளுபவருக்கு இது எப்படித் தெரியும்?

நெடியை வைத்து வீரியத்தை எடைபோடவும் முடியாது. சிறுநீர் படிந்த சுவரோரம் பட்டால் குளோரமைன் என்ற காரநெடி வாயு உண்டாகி மூக்கை எரிக்கும். கழிவறை ஆசிட் ஊற்றிய சாக்கடையில் விழுந்தாலோ குளோரின் வாயுவே கிளம்பும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அந்த ஆபத்தில் நின்றவர் உங்கள் அப்பா குறை சொல்லும் ஆள்தான்.

பவுடரை நேரே டேங்கில் கொட்டினால் சுண்ணாம்பு வண்டல் நாசிலை அடைக்கும். அடைப்பெடுக்கக் கழற்றும்போது கண்ணில் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு முதலில் களியாகக் குழைத்து, மீதித் தண்ணீர் சேர்த்து அரைமணி தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடிகட்ட வேண்டும். காற்றுக்கு முதுகைக் காட்டி அடிக்க வேண்டும். கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். தெருத்தெருவாக ஓடிய நாட்களில் அந்த அரைமணியை யார் கொடுத்தார்கள்?

இன்னொன்று, ரோட்டில் அடித்ததே பெரும்பாலும் வீண். மண்ணும் குப்பையும் குளோரினைத் தின்றுவிடும். தெருக்களில் தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் அந்த மே மாதமே சொன்னது. ஆள்மேல் அடிக்கக்கூடாதென மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. அதற்குள், நடந்துபோகிறவர்மேல் மருந்து தெளிக்கும் எத்தனை கிருமிநாசினிச் சுரங்கங்கள் திறப்பு விழா கண்டுவிட்டன! பலன் தருவது பொதுக்கழிவறைத் தரையும் கைப்பிடியும்தான். முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு கரைசலைப் பூசிப் பத்து நிமிடம் விட வேண்டும். இரும்பென்றால் அதன்பின் நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துரு ஏறும்.