பாட்டி அன்று ஆஸ்பத்திரியில் இல்லையே!

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. 5 வயதில் என்னோடு ஸ்கூட்டரில் வந்தபோது ஆட்டோ இடித்து விழுந்து கை முறிந்தது. ஆட்டோ வந்த திசை, செருப்பு கழன்று சாக்கடையில் விழுந்தது எல்லாம் இன்றும் சரியாகச் சொல்கிறான். ஆனால், மாவுக்கட்டு போடும்போது பாட்டி கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சாதிக்கிறான். என் அம்மா மறுநாள்தான் ஊரிலிருந்து வந்தார். பொய் சொல்கிறானா? இனி அந்தப் பேச்சையே எடுக்காமல் இருக்கலாமா?

பதில்: பொய் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், காயம்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைகளை உளவியலாளர் கேரல் பீட்டர்சன் குழுவினர் பல ஆண்டுகள் விட்டுவிட்டுச் சந்தித்துப் பேசினார்கள். அடிபட்ட விதம் 5 ஆண்டு கழித்தும் பெரும்பாலும் பிசகாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்வதில்தான் தடுமாற்றம் அதிகம். வலி, அழுகை, தெரியாத முகங்கள், ஊசி, எக்ஸ்ரே... எது முதலில், எது பிறகு என்று அந்த வயதில் கோர்த்து வைப்பது கஷ்டம். கட்டுப் பிரிக்கப் போனபோது உங்கள் அம்மா கூட வந்தாரா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு நாட்கள் ஒன்றாகக் கலந்திருக்கலாம்.

விவரமாகச் சொல்வதாலேயே எல்லாம் சரி என்றும் நம்பிவிட வேண்டாம். 1992-ல் அமெரிக்காவின் புளோரிடாவை ஆண்ட்ரூ சூறாவளி தாக்கியபோது 3, 4 வயதாக இருந்த பிள்ளைகள், 6 ஆண்டு கழித்து முன்பைவிட இரு மடங்குக்கு மேல் விவரம் சொன்னார்கள். பேச்சு வளர்ந்தது ஒரு காரணம். வீட்டிலும் டிவியிலும் கேட்டதும் அதில் சேர்ந்திருக்கும்.

எனக்குப் பயம் உங்கள் மகனைப் பற்றி அல்ல, “டிரைவர் குடிச்சிருந்தானாடா?” என்று கேட்கும் உறவினர்களைப் பற்றித்தான். ‘எலிப்பொறியில் விரல் மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாயா’ என்பது போல நடக்காத சம்பவங்களை அமெரிக்க ஆய்வொன்றில் மழலையர் வயதுப் பிள்ளைகளிடம் வாராவாரம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அவற்றில் ஒன்றையாவது நடந்ததாகவே விவரித்தார்கள்!

பேச்சை மூடாதீர்கள். அவனாக எடுத்தால் “அப்புறம் என்னாச்சு?” என்று மட்டும் கேளுங்கள். பாட்டி விஷயத்தை, “மறுநாள்தான் வந்தாங்கன்னு எனக்கு ஞாபகம்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு விடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். விபத்து வழக்கு நடந்தால் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துத் தயார்செய்யாதீர்கள். அவன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். தூக்கத்தில் அலறுவது, ஸ்கூட்டரில் ஏறவே மறுப்பது போன்றவை இன்னும் இருந்தால், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.