‘உம்’ செய்யும் குழப்பம்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாவது படிக்கும் மகனுக்குக் கணிதத்தில் கணங்கள் (sets, அதாவது உறுப்புகளின் தொகுப்புகள்) சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். சேர்ப்புக்கு ‘அல்லது’, வெட்டுக்கு ‘மற்றும்’ என்றேன். “இரண்டு கணத்தையும் சேர்ப்பதுதானே சேர்ப்பு? அதற்குத்தானே ‘மற்றும்’ வர வேண்டும்?” என்கிறான். எனக்கும் அவன் சொல்வதுதான் சரியென்று படுகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

பையன் சரியான இடத்தில்தான் இடறியிருக்கிறான். கோளாறு நம் ‘உம்’மில் இருக்கிறது.

1 முதல் 30 வரை எடுத்துக்கொள்ளுங்கள். “2-இன் மடங்குகளையும் 3-இன் மடங்குகளையும் எழுது” என்றால் இரண்டு பட்டியலையும் எழுதுவான். அது சேர்ப்பு. “2-ஆலும் 3-ஆலும் வகுபடும் எண்களை எழுது” என்றால் 6, 12, 18, 24, 30. ஐந்தே எண்கள். அது வெட்டு. இரண்டிலும் அதே ‘உம்’தான். முதலாவதில் அது பட்டியல்களைக் கோக்கிறது. அடுத்ததில் ஒரே எண்ணின் தலையில் இரண்டு நிபந்தனைகளை ஏற்றுகிறது. கணிதம் பேசுவது இந்த இரண்டாவது பேச்சை. ஒவ்வோர் எண்ணாகக் கையில் எடுத்து, “நீ எதில் இருக்கிறாய்?” என்று விசாரிக்கிறது.

‘அல்லது’வும் லேசுப்பட்டதல்ல. “இன்றைக்கு அல்லது நாளைக்கு வருகிறேன்” என்றவர் இரண்டு நாளும் வந்து நின்றால் விழிப்போம். கணிதத்தில் அப்படி இல்லை. 12 இரண்டிலும் இருக்கிறது, சேர்ப்பிலும் அதற்கு இடம் உண்டு. இது தெரியாமல், கணங்களை ஒன்றோடொன்று வெட்டும் வட்டங்களாக வரையும் வென்படத்தில், சேர்ப்புக்கு நிழலிடும்போது நடுப்பகுதியை வெள்ளையாக விட்டு மதிப்பெண்ணை இழந்தவன் நான்.

அதனால் ‘அல்லது’, ‘மற்றும்’ இரண்டையும் ஓரமாக வைத்துவிடுங்கள். சேர்ப்பு என்றால் ‘ஒன்றிலாவது’, வெட்டு என்றால் ‘இரண்டிலும்’. தமிழில் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. குறிகள்கூட நமக்கு வசதிதான்: ∪ கிட்டத்தட்ட நம் ‘ப’, கவிழ்த்தால் வெட்டு. 1888-இல் இவற்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இத்தாலியர் பியானோவுக்கு ‘ப’ தெரிந்திருக்க நியாயமில்லை.

எண்ணிக்கையையும் போடச் சொல்லுங்கள். 2-இன் மடங்குகள் 15, 3-இன் மடங்குகள் 10. சேர்ப்பில் 25 என்பான். விரல் விட்டு எண்ணினால் 20தான் வரும். அந்த ஐந்து எண்களும் இரண்டு பட்டியலிலும் தலைகாட்டியவை. கணத்தில் ஓர் உறுப்புக்கு ஒரே இருக்கைதான்.

இது பிடிபட்டதும், “2-ஆலும் 3-ஆலும் வகுபடாத எண்கள் எத்தனை?” என்று கேளுங்கள். ஒன்றாலும் வகுபடாதவை என்று படித்தால் 10. இரண்டாலும் சேர்ந்து வகுபடுபவை போக மற்றவை என்று படித்தால் 25. சேர்ப்பில் இல்லாதவை எவை, வெட்டில் இல்லாதவை எவை என்று சொல்லும் டி மார்கன் விதிகள் இரண்டும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன. அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.